டிராக்கன்ஸ்பர்க் பாறை ஓவியங்கள்: அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

டர்பனுக்கு வேலைக்கு வந்த நம்மவர்கள் ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்தால் முதலில் கடற்கரை, அடுத்து சஃபாரி, அதற்கப்புறம் டிராக்கன்ஸ்பர்க் மலை. அங்கே தென்னாப்பிரிக்காவின் பூர்வகுடிகளான சான் மக்கள் வரைந்த பாறை ஓவியங்களைப் பார்க்க யார் கூப்பிட்டாலும் நானும் தொற்றிக்கொள்வேன். பேசி வைத்துக்கொண்ட மாதிரி எல்லாக் குடும்பமும் அதே இடங்களில்தான் சறுக்குகிறது. தொப்பி, மாத்திரை டப்பா விஷயமெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

பேர் பெற்ற குகைக்கே போவேன் என்பது

இணையத்தில் தேடினால் காம்பர்க் பக்கத்து கேம் பாஸ் குகைதான் முதலில் வரும். நியாயம்தான். சாகும் தறுவாயில் தலையைத் தொங்கவிட்ட ஈலாண்ட் மான், பின்னங்கால்கள் பின்னிக்கொண்டிருக்கின்றன. அதன் வாலைப் பிடித்து நிற்கும் மனிதனின் கால்களும் அதே மாதிரி பின்னியிருக்கும், பாதம் குளம்பாக இருக்கும். இது வேட்டைக் காட்சி இல்லை, ஆவேச நிலையில் மானின் சக்தியை வாங்கிக்கொள்ளும் சாமியாடி என்று பாறை ஓவிய ஆய்வாளர் டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ் விளக்கியதற்கு முக்கியச் சான்று இந்தப் பாறைதான். ஆனால் போய்வர மூன்று மணி நேரம் ஆகும், கடைசியில் நல்ல ஏற்றம். முழங்கால் வலிக்கிற அம்மாவுக்கு அதே மலையில் ஜயண்ட்ஸ் காசில் என்ற இடத்திலுள்ள மெயின் கேவ்ஸ் குகைகள் போதும். நடை குறைவு, படங்களோ சுமார் 500.

மதியம் கிளம்புவது

நவம்பர் முதல் மார்ச் வரை மதியத்துக்கு மேல் இடியும் மின்னலும். காலையிலேயே போங்கள்.

கைடு வேண்டாம் என்பது

விட மாட்டார்கள்.

தண்ணீர் பாட்டிலைத் திறப்பது

குகைக்குள் நுழைந்ததும் கண்ணுக்குத் தெரிவது மங்கலான செம்பழுப்புத் திட்டுகள்தான். "இதுக்காடா இவ்வளவு தூரம் ஏற வெச்சே?" என்பார் அப்பா. பிள்ளைக்கு முகம் விழுந்துவிடும். கை தானாகப் பாட்டிலுக்குப் போகும். ஒருமுறை கூட வந்த பையன் மூடியைத் திறந்தே விட்டான், கைடு அம்மா பாறைக்கும் அவனுக்கும் நடுவே போய் நின்றுகொண்டார். "வெறும் தண்ணிதானேண்ணே, நனைச்சா அப்பாவுக்குப் பளிச்சுனு தெரியும்" என்று என்னிடம் நியாயம் கேட்கிறான். இன்ஜினியர் வேறு. நினைத்தால் இப்போதும் எரிகிறது.

நனைத்தால் பளிச்சென்று தெரியும் என்பது உண்மைதான். அந்தக் காலத்தில் படமெடுக்க வந்த ஆய்வாளர்களே நனைத்தார்கள். வினை அதற்கப்புறம்தான். இது மணற்பாறை, தண்ணீரை உறிஞ்சும். உள்ளே இருக்கும் உப்பு கரைந்து, காயும்போது மேலே ஏறி, வண்ணத்துக்கு அடியில் படிகமாகி அதைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். பெயராத இடத்தில் வெள்ளைப் படலம் போட்டு மறைக்கும். படம் இன்னும் மங்கும், அடுத்து வருகிறவன் இன்னும் கொஞ்சம் ஊற்றுவான். நமீபியாவில் பிராண்ட்பெர்க் மலையிலுள்ள 'வெள்ளைச் சீமாட்டி' ஓவியம் இப்படித்தான் வெளுத்தது. அங்கே தண்ணீர் மட்டுமா, சோடாவைக்கூட ஊற்றியிருக்கிறார்கள்.

எல்லா நிறத்திலும் முதலில் போவது வெள்ளைதான். ஈலாண்ட் மானின் உடம்பைச் சிவப்பிலும் தலை, கழுத்து, கால்களை வெள்ளையிலும் வரைந்தார்கள். அதனால்தான் பல இடங்களில் தலையும் காலும் இல்லாத முண்டமாக மான் நிற்கிறது. கிட்டே போய்க் கழுத்து முடியும் இடத்தைப் பாருங்கள், பால் சிந்திக் காய்ந்த மாதிரி ஒரு தடம் மிச்சமிருக்கும். அதில்தான் ஊற்றப் பார்த்தான் அந்தப் பையன். தென்னாப்பிரிக்காவின் 1999 பாரம்பரியச் சட்டப்படி இந்த ஓவியங்களைச் சேதப்படுத்துவது குற்றம்.

அப்பாவுக்குத் தெரிய வேண்டுமென்றால் நிழலில் உட்கார வைத்துக் கண் பழக விடுங்கள். வெயிலில் நடந்து வந்த கண்ணுக்கு எதுவும் தெரியாது, கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக அவரே காட்டுவார். மிச்சத்துக்கு ஜான் ஹார்மன் உருவாக்கிய டிஸ்ட்ரெட்ச் என்ற மென்பொருள் இருக்கிறது. போனில் சாதாரணமாக ஒரு படம் எடுத்து அதில் போட்டால், வெறும் கண்ணுக்குத் தெரியாத கோடுகளையும் நிறம் மாற்றிக் காட்டிவிடும். பாறை மேல் ஒரு சொட்டு விழாது.

தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது

அம்மாக்களுக்குக் கை நீளும், கோயில் பழக்கம். விரல் பிசுக்கு வண்ணத்தில் ஒட்டும். காரிலேயே சொல்லிவிடுங்கள், கைடு முன்னால் அதட்டாதீர்கள்.

ஃப்ளாஷ்

போட்டால் படம் தட்டையாகிவிடும். அணையுங்கள்.

"எல்லாம் பத்தாயிரம் வருஷம்மா" என்று அளப்பது

சில படங்கள் மிகப் பழையவை, எல்லாம் இல்லை. குதிரை மேல் துப்பாக்கியோடு போகிறவர்களைக் கண்டால் அது 19ஆம் நூற்றாண்டு. வெள்ளைக்காரக் குடியேறிகள் வந்து நிலத்தைப் பிடித்த பிறகு, சான் மக்கள் மாடுகளைக் கவர்ந்தார்கள், குடியேறிகள் துரத்திச் சுட்டார்கள். அம்மாவின் பாட்டிக்குப் பாட்டி காலத்துச் சமாச்சாரம் அது.