இரண்டு கணினி, ஒரே கோப்புறை: சின்க்திங்கை ஒழுங்காக ஓட வைத்த கதை

வீட்டில் டெஸ்க்டாப், வெளியே போனால் லேப்டாப், இரண்டிலும் ஒரே கோப்புகள் இருக்க வேண்டும், ஆனால் அவற்றை வேறு யாருடைய சர்வரிலும் போட்டு வைக்க எனக்கு விருப்பமில்லை என்பதால் சாதனங்களுக்கு இடையே நேரடியாகக் கோப்புகளை ஒத்திசைக்கும் சின்க்திங் என்ற மென்பொருளைப் போட்டேன். இலவசம், ஓப்பன் சோர்ஸ். ஒன்றின் டிவைஸ் ஐடியை (அந்தச் சாதனத்துக்கான தனி அடையாளக் குறியீடு) மற்றதில் சேர்த்துக் கோப்புறையைப் பகிர்ந்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால்தான் ஒத்திசையும். லேப்டாப்பில் திருத்தியது வந்து சேருமுன் டெஸ்க்டாப்பிலும் அதே கோப்பைத் திருத்தினால் பெயரில் 'சின்க்-கான்ஃப்ளிக்ட்' ஒட்டிய இன்னொரு பிரதி முளைக்கும். சும்மா கிடந்த ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியை மூன்றாவது சாதனமாகச் சேர்த்து எப்போதும் ஓட விட்டேன். அதன் பிறகு எது தூங்கினாலும் கவலையில்லை, நடுவில் இது வாங்கி வைத்துக்கொள்கிறது.

வெளியிலிருந்து மட்டும் ஆமை வேகம். இணைப்பு நேரடியாக இல்லாமல் ரிலே எனும் இடைநிலை சர்வர் வழியாகப் போய்க்கொண்டிருந்ததுதான் காரணம் (ரிலேயில் போனாலும் என்கிரிப்ஷன் உண்டு, அதனால் பயமில்லை). ரவுட்டரில், சின்க்திங் பயன்படுத்தும் 22000 போர்ட்டை (எண்ணிட்ட இணைப்பு வாசல்) டிசிபி, யூடிபி என்ற இரண்டு இணைப்பு முறைகளுக்கும் ராஸ்பெர்ரி பைக்குத் திருப்பிவிட்டதும் நேரடி இணைப்பு கிடைத்தது.

அப்புறம், ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும், ஆகவே ஃபைல் வெர்ஷனிங்கை (அழிந்த, மாறிய கோப்புகளின் பழைய பிரதிகளை எடுத்து வைக்கும் வசதி) ராஸ்பெர்ரி பையில் இயக்கி வைத்திருக்கிறேன். பேக்கப் தனியாக வேறு டிஸ்க்கில் போகிறது.