ஏயூஆரில் கைவிடப்பட்ட பொதியைப் பொறுப்பேற்பது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறை லினக்ஸ் பயனர்களுக்கு

ஆர்ச் லினக்ஸின் ஏயூஆர், அதாவது பயனர்களே நடத்தும் களஞ்சியத்தில் உள்ள ஒவ்வொரு பொதியும் (பேக்கேஜ்) யாரோ ஒரு தன்னார்வலர் எழுதிப் போட்டது. அவருக்கு வேலை மாறும், கணினி மாறும், ஆர்வம் வேறு பக்கம் போகும். பொதி அங்கேயே கிடக்கும். பராமரிப்பாளர் பெயர் இல்லாமல் நிற்கும் அப்படியான பொதியை ஓர்ஃபன், அதாவது அனாதைப் பொதி என்பார்கள். கணக்கு வைத்திருக்கும் எவரும் 'அடொப்ட்' என்ற இணைப்பை அழுத்தி அதைத் தன் பொறுப்பில் எடுக்கலாம். யாரும் அனுமதி தர வேண்டியதில்லை. இவ்வளவு இலேசாகக் கைமாறுவதால்தான் கவனம் தேவைப்படுகிறது. பொதியை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் பிகேஜிபில்ட் கோப்பு ஒரு பாஷ் ஸ்கிரிப்ட். நீங்கள் அதில் எழுதும் ஒவ்வொரு வரியும் உங்களை அறியாத ஆட்களின் கணினியில் ஓடும்.

வந்தாறுமூலை, ஒலுவில் வளாகங்களில் படிப்பவர்களையும் கல்முனை, களுவாஞ்சிக்குடிப் பக்கம் கணினித் தொழில் செய்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறோம். 4 ஜிபி ரேம் உள்ள பழைய லப்டொப், கைத்தொலைபேசி ஹொட்ஸ்பொட், மாரி காலத்தில் நினைத்த நேரம் நிற்கும் கரண்ட். இந்த நிலையில் செய்யக்கூடிய வேலைதான் இது. ஆனால் எந்தப் பொதியை எடுப்பது என்பதில் பாதி வெற்றி இருக்கிறது.

எதை எடுப்பது, எதை விடுவது

நீங்கள் தினமும் பாவிக்கும் பொதியை மட்டும் எடுங்கள். எழுத்துரு, பாமினி வரிசையில் தட்டச்சுச் செய்ய உதவும் சிறு கருவி, பிரிண்டர் ட்ரைவர், சிறிய பைத்தான் நிரல் போன்றவை நல்ல தொடக்கம். பிரவுசர், பெரிய சி பிளஸ் பிளஸ் திட்டம், கேர்னல் எல்லாம் வேண்டாம். அவற்றை மூலக்கோட்டிலிருந்து (சோர்ஸ் கோட்) கட்ட, அதாவது பில்ட் செய்ய, பல மணிநேரம் எடுக்கும். பாதுகாப்புத் திருத்தம் வந்த அன்றே புதுப்பிக்க வேண்டும். ஒரு கரண்ட் வெட்டில் முழு உழைப்பும் போகும்.

பிறகு பொதி ஏன் அனாதையானது என்று பாருங்கள். பராமரிப்பாளர் விலகிவிட்டார், மூலத் திட்டம் (அந்த மென்பொருளை எழுதுபவர்களின் திட்டம்) உயிரோடு இருக்கிறது என்றால் எடுக்கலாம். மூலத் திட்டமே செத்துப் பல வருடமாகி, மூலக்கோடு இருந்த தளமும் இல்லை என்றால் நீங்கள் எடுக்கப்போவது பொதியை அல்ல, அந்த மென்பொருளையே. அதற்குத் தயாரில்லை என்றால் நீக்கக் கோரிக்கை வைப்பது நேர்மையான வேலை. அதே மென்பொருள் வேறு பெயரில் தொடர்கிறது என்றால் இணைப்புக் (மேர்ஜ்) கோரிக்கை வையுங்கள்.

பராமரிப்பாளர் பெயர் இருக்கிறது, ஆனால் ஆள் அசையவில்லை என்றால் முதலில் 'காலாவதி' கொடி போட்டு, கருத்துப் பகுதியில் என்ன மாற வேண்டும் என்று எழுதுங்கள். முடிந்தால் திருத்திய கோப்பையும் காட்டி, இணைப் பராமரிப்பாளராகச் சேர்க்கக் கேளுங்கள். பலர் சந்தோசமாகச் சேர்ப்பார்கள். பதிலே இல்லாவிட்டால் ஓர்ஃபன் கோரிக்கை வைக்கலாம். இரண்டு வாரம் அவர் பதில் தராவிட்டால் அது ஏற்கப்படும். கொடி 180 நாட்களாக நிற்கிறது என்றால் கோரிக்கை தானாகவே ஏற்றுக்கொள்ளப்படும்.

கட்டுவதற்கு முன் வாசியுங்கள்

2018 ஜூலையில் அக்ரோரீட் என்ற பிடிஎஃப் வாசிப்பான் பொதி அனாதையாகக் கிடந்தது. ஒருவர் அதை எடுத்து, இணையத்திலிருந்து கோப்பு இறக்கும் கேர்ள் கட்டளையால் வெளியிலிருந்து ஒரு ஸ்கிரிப்டை இறக்கி ஓட்டும் வரியைச் சேர்த்தார். அது சிஸ்டம்டி டைமர் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) ஒன்றை நிறுவிக் கணினியின் விபரங்களைத் திரட்டப் பார்த்தது. கண்டுபிடித்து நீக்கிவிட்டார்கள். ஆனால் பாதை இன்னும் அதேதான். எனவே நீங்கள் எடுக்கும் பொதியில் முந்தியவர் எதை விட்டுப் போனார் என்பதை மாற்ற வரலாற்றைக் காட்டும் 'கிட் லொக் -பி' மூலம் கடைசி மாற்றங்கள் வரை பாருங்கள். சோர்ஸ் வரிசையில் உள்ள முகவரி மூலத் திட்டத்தினுடையதா, யாரோ ஒருவரின் தனிப்பட்ட பிரதியா? பில்ட், பேக்கேஜ் பகுதிகளுக்குள் கேர்ள் அல்லது டபிள்யூகெட் இருக்கிறதா? டொட் இன்ஸ்டோல் கோப்பு இருந்தால் அதை இரட்டிப்புக் கவனத்தோடு வாசியுங்கள். நிறுவும்போது அது ரூட் அதிகாரத்தில் ஓடும்.

இனி உங்கள் பக்கம். ஏயூஆருக்கென்று தனியாக ஒரு இடி25519 எஸ்எஸ்எச் சாவி உருவாக்கி, பொதுச்சாவியைக் கணக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். பொதியின் கிட் களஞ்சியத்தை எஸ்எஸ்எச் முகவரியில் குளோன் செய்த உடனே, அந்த ஃபோல்டருக்குள் கிட் கொன்ஃபிக் மூலம் பெயரையும் மின்னஞ்சலையும் அமையுங்கள். இதைப் பிந்திச் செய்ய முடியாது. ஏயூஆர் பழைய கமிட்டை (பதிந்த மாற்றத்தை) மாற்றி எழுத விடாது. தவறிப்போன தனிப்பட்ட மின்னஞ்சல் எப்போதும் பகிரங்கமாகக் கிடக்கும்.

பதிப்பை உயர்த்துவது

பிகேஜிபில்ட்டில் பிகேஜிவேர் என்பதில் புதிய பதிப்பை எழுதி, பிகேஜிரெல்லை (அதே பதிப்பை எத்தனையாவது தடவை பொதியாக்குகிறோம் என்ற எண்) 1 ஆக்குங்கள். மூலக்கோடு மாறாமல் பிகேஜிபில்ட் மட்டும் திருத்தினால் பிகேஜிரெல்லை ஒன்று கூட்டுங்கள். இங்கே புதியவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. பிகேஜிவேரில் ஹைபன் வரக்கூடாது, அதனால் 1.0-ஆர்சி1 (1.0 இற்கு முந்திய சோதனைப் பதிப்பு) என்பதை 1.0_ஆர்சி1 என்று அண்டர்ஸ்கோர் போட்டு எழுதிவிடுவார்கள். ஆர்ச்சில் பொதிகளை நிறுவும் கருவியான பாக்மேன் அதை 1.0 ஐவிடப் புதியது என்று கணக்கிடும். பிறகு உண்மையான 1.0 வரும்போது ஒருவருக்கும் அப்டேட் போகாது. 1.0ஆர்சி1 என்று ஒட்டி எழுதினால் சரியாக 1.0 இற்கு முன் நிற்கும். சந்தேகம் வந்தால் வேர்சிஎம்பி கட்டளையில் இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். ஈபொக் (பதிப்பு எண்ணுக்கும் மேலாக ஒப்பிடப்படும் எண்) போட்டு இதைச் சரிசெய்யலாம்தான், ஆனால் ஒருமுறை போட்ட ஈபொக்கைத் திரும்ப எடுக்க முடியாது.

அடுத்தது செக்சம், அதாவது கோப்பு மாறியிருக்கிறதா என்று காட்டும் எண். அப்டிபிகேஜிசம்ஸ் கட்டளை இலகுவானது, அதனாலேயே ஆபத்தானது. இறங்கிய கோப்பு எதுவோ அதற்குச் சம் கணித்து எழுதும். கோப்பு நல்லதா என்று அது பார்க்காது. மூலத் திட்டம் செக்சம் வெளியிட்டிருந்தால் ஒப்பிடுங்கள்; கையொப்பம் இருந்தால் வெலிட்பிஜிபிகீஸ் வரிசையில் 40 எழுத்து முழுக் கைரேகையைச் சேருங்கள். பதிப்பு எண் மாறாமல் செக்சம் மட்டும் மாறினால் அங்கேயே நில்லுங்கள். காரணம் சாதாரணமாகவும் இருக்கலாம்: 2023 ஜனவரி 30 இல் கிட்ஹப் தானாக உருவாக்கும் டார் கோப்புகளின் சுருக்கும் முறை மாறி, உலகம் முழுக்க செக்சம்கள் உடைந்தன, அதை உடனே பின்வாங்கினார்கள். ஆனால் 2024 மார்ச்சில் வெளிச்சத்துக்கு வந்த எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் பின்கதவு (இரகசிய நுழைவழி), கிட் களஞ்சியத்தில் இல்லாத வரிகளை வெளியீட்டு டார் கோப்புக்குள் வைத்துத்தான் வந்தது. பழைய டார் கோப்பையும் புதியதையும் விரித்து டிஃப் எடுத்து, என்ன வேறுபாடு என்று பாருங்கள்.

பழைய மூலக்கோட்டை ஏன் கட்ட முடிவதில்லை

கைவிடப்பட்ட பொதி, பொதியைக் கட்டும் மேக்பிகேஜி கட்டளையை ஓட்டிய உடனே பெரும்பாலும் பிழை காட்டும். காரணங்கள் சில திரும்பத் திரும்ப வருபவை. ஜிசிசி கொம்பைலரின் 14 ஆம் பதிப்பிலிருந்து, அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பது எச்சரிக்கை அல்ல, பிழை. பெரும்பாலும் விடுபட்ட ஓர் இன்க்ளூட் வரியைச் சேர்த்தால் தீரும். ஜிசிசி 15, சி மொழியின் சி23 தரத்தை இயல்பாக எடுத்துக்கொள்கிறது; பூல் என்ற பெயரைத் தாங்களே வரையறுத்த பழைய கோடுகள் அங்கே உடையும். சிஃபிளாக்ஸில் 'எஸ்டிடி=ஜிஎன்யு17' சேர்த்தால் தற்காலிகமாக ஓடும். பில்ட் கருவியான சிமேக்கின் 4 ஆம் பதிப்பு, சிமேக் 3.5 இற்கு முந்திய பதிப்புக்கென எழுதிய கோப்புகளை ஏற்காது. 'சிமேக் பொலிசி வேர்ஷன் மினிமம்' என்ற மாறியை 3.5 என்று கொடுங்கள். பைத்தான் 3.12 இல், பழைய நிரல்கள் நிறுவப் பாவித்த டிஸ்ட்யூட்டில்ஸ் போய்விட்டது.

ஃபிளாக் போட்டு மூடுவது ஒரு பதிப்புக்குத்தான் தாங்கும். சரியான திருத்தத்தைப் பேட்ச் கோப்பாக எழுதி, சோர்ஸ் வரிசையில் சேர்த்து, மூலத் திட்டத்துக்கும் அனுப்புங்கள். அவர்கள் ஏற்றுக்கொண்டால் அடுத்த பதிப்பில் உங்கள் சுமை குறையும், மற்ற டிஸ்ட்ரோக்காரருக்கும் உதவும்.

சுத்தமான அறையில் கட்டுங்கள்

உங்கள் கணினியில் ஓடுகிறது என்பது எதையும் நிரூபிக்காது. உங்களிடம் ஏற்கெனவே நிறுவியிருக்கும் ஏதோ ஒரு லைப்ரரி, டிபெண்ட்ஸ் வரிசையில் (பொதிக்குத் தேவையான மற்றப் பொதிகளின் பட்டியல்) விடுபட்டதை மறைத்துவிடும். டெவ்டூல்ஸ் நிறுவி, 'பிகேஜிசிடிஎல் பில்ட்' என்று ஓட்டினால் வெறும் பேஸ்டெவெல் (அடிப்படைக் கட்டும் கருவிகளின் தொகுதி) மட்டும் உள்ள தனி அறையில் அது கட்டும். பேஸ்டெவெலில் உள்ளவற்றை மேக்டிபெண்ட்ஸில் (கட்டும்போது மட்டும் தேவையானவற்றின் பட்டியல்) எழுதத் தேவையில்லை. மற்ற எல்லாம் எழுத வேண்டும். முதல் தடவை கணிசமாக டேட்டா இழுக்கும். இரவு டேட்டா உள்ள இணைப்பு என்றால் அப்போது ஓட்டுங்கள். பாக்மேனின் கேஷ் ஃபோல்டரை அழிக்காமல் வைத்திருந்தால் அதே பொதிகள் திரும்ப இறங்காது. பக்கத்தில் ஆர்ச் பாவிக்கும் நண்பர் இருந்தால் அந்த ஃபோல்டரைப் பென்ட்ரைவில் கொண்டுவந்தாலும் போதும், பாக்மேன் கையொப்பத்தைச் சரிபார்த்தே நிறுவும்.

மேக்பிகேஜி.கொன்ஃப் அமைப்புக் கோப்பில் பில்ட்டைர் (கட்டும் வேலை நடக்கும் ஃபோல்டர்) இடத்தை டெம்ப் ஃபோல்டருக்குக் கொடுக்காதீர்கள். அது ரேமில் இருப்பதால் கரண்ட் போனால் எல்லாம் போகும், 4 ஜிபி கணினியில் இடமும் போதாது. மேக்ஃபிளாக்ஸை ஜே2 என்று வையுங்கள், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு வேலை. சி பிளஸ் பிளஸ் கோப்பு ஒன்றே 1 ஜிபிக்கு மேல் ரேம் கேட்கக்கூடும். ஜே8 என்று விட்டால் கேர்னல் கொம்பைலரைக் கொன்றுவிடும், பிழைச் செய்தியோ புரியாததாக இருக்கும்.

கட்டி முடிந்ததும் பிகேஜிபில்ட் மீதும் உருவான பொதி மீதும் நேம்கேப் என்ற பிழை பார்க்கும் கருவியை ஓட்டுங்கள். அது சொல்வதெல்லாம் வேதவாக்கு அல்ல, ஆனால் விடுபட்ட டிபெண்ட்ஸைப் பெரும்பாலும் பிடித்துவிடும்.

ஏயூஆருக்குத் தள்ளுவதும் (புஷ்) அதற்குப் பிறகும்

'மேக்பிகேஜி --பிரின்ட்எஸ்ஆர்சிஇன்ஃபோ' தரும் வெளியீட்டை .எஸ்ஆர்சிஇன்ஃபோ கோப்பில் (ஏயூஆர் தளம் பொதியின் விபரங்களை எடுக்கும் கோப்பு) எழுதி, பிகேஜிபில்ட்டோடு ஒரே கமிட்டில் சேருங்கள். அந்தக் கோப்பே இல்லாத கமிட்டை ஏயூஆர் மறுத்துவிடும். பழையதாக இருந்தாலோ மறுக்காது. தளத்தில் பழைய பதிப்பே தெரியும், யே, பாரு போன்ற உதவிக் கருவிகளும் அப்டேட்டைக் காணாது. அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். கிட் கிளையின் (பிராஞ்ச்) பெயர் மாஸ்டர் ஆக இருக்க வேண்டும். மெயின் என்று தள்ளினால் போகாது.

புதிய பதிப்பு வந்ததா என்று பார்க்க என்விசெக்கர் என்ற கருவியில் பொதியைப் பதிந்து வையுங்கள். மூலக்கோடு மாறாவிட்டாலும் வேலை வரும்: பைத்தான் 3.13 இலிருந்து 3.14 இற்குப் போகும்போது சைட்பேக்கேஜஸ் (பைத்தான் நிரல்கள் நிறுவப்படும் ஃபோல்டர்) பாதை மாறுவதால் பைத்தான் பொதிகளைத் திரும்பக் கட்ட வேண்டும். பகிர்வு லைப்ரரியின் பெயர் எண் மாறினாலும் அப்படியே. பிகேஜிரெல்லை ஒன்று கூட்டித் தள்ளினால் பயனர்களின் உதவிக் கருவிகள் தாமாகக் கட்டிக்கொள்ளும். பெயர் கிட் என்று முடியும், மூலத்தின் கடைசி நிலையை எடுத்துக் கட்டும் பொதிகளுக்கு மட்டும் இதை மாற்றிப் பிடியுங்கள். மூலத்தில் ஒவ்வொரு கமிட் வரும்போதும் பிகேஜிவேரை உயர்த்தித் தள்ளத் தேவையில்லை. கட்டும் முறை மாறினால் மட்டும் தள்ளுங்கள்.

பரீட்சைக் காலமோ வெள்ளமோ வேலையோ வந்து ஒரு மாதம் கை வைக்க முடியாது என்று தெரிந்தால், முன்கூட்டியே ஓர் இணைப் பராமரிப்பாளரைச் சேருங்கள். கல்முனையில் ஒருவரும் ஏறாவூரில் ஒருவரும் இருந்தால், ஒரு பக்கம் இணைப்பு நின்றாலும் மற்றவர் தள்ளலாம். நிரந்தரமாக விலகுவதானால் 'டிஸ்ஓன்' அழுத்துங்கள். இணைப் பராமரிப்பாளர் இருந்தால் பொதி நேரே அவருக்குப் போகும், இல்லாவிட்டால் அனாதையாகும். அழுத்துவதற்கு முன் கருத்துப் பகுதியில் மூன்று விடயம் எழுதுங்கள்: கடைசியாகச் சரியாகக் கட்டிய பதிப்பு, இன்னும் தீராத பிழை, மூலத் திட்டத்துக்கு அனுப்பிய பேட்சின் இணைப்பு.