விவிலியத்தை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது? ஒரு நாட்காட்டி போதும்

தொடக்கநூலில் ஆரம்பித்து விவிலியம் முழுவதையும் வாசித்து முடிப்பேன் என்று இரண்டு தடவை கிளம்பினேன். இரண்டு தடவையும் லேவியரில் தோல்நோய்ச் சட்டங்கள் வந்த இடத்தோடு படுத்துவிட்டது. அப்புறம்தான், கோயிலில் ஞாயிறுதோறும் வாசிப்பதையே வீட்டில் முன்கூட்டி வாசிக்கும் வழி பிடிபட்டது. இங்கே சொல்வது கத்தோலிக்க முறை.

திருவிவிலியம், வழிபாட்டு நாட்காட்டி, ஒரு கொப்பி, பென்சில். இவ்வளவும் போதும்.

முதலில், இப்போது எந்தக் காலம் என்று பாருங்கள். பூசையில் குருவானவரின் மேலாடையே சொல்லிவிடும். ஊதா என்றால் திருவருகைக்காலம் (நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, முந்திய ஆயத்த வாரங்கள்) அல்லது தவக்காலம் (பாஸ்காவுக்கு முந்திய நோன்புக்காலம்). வெள்ளை என்றால் கிறிஸ்து பிறப்புக்காலம் அல்லது பாஸ்கா காலம் (இயேசு உயிர்த்த ஈஸ்டர் ஞாயிறும் அதைத் தொடரும் வாரங்களும்). பச்சை என்றால் பொதுக்காலம், மற்ற வாரங்கள். வழிபாட்டு ஆண்டு தொடங்குவது ஜனவரியில் அல்ல, நத்தாருக்கு முந்திய நான்காவது ஞாயிறில்.

அடுத்தது, எந்த நற்செய்தி என்பது. இயேசுவின் வாழ்வைச் சொல்லும் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற நான்கு நூல்கள்தான் நற்செய்திகள். ஞாயிறு வாசகங்கள் 3 ஆண்டுச் சுற்று. வருடத்தை 3 ஆல் வகுங்கள்: மீதி 1 வந்தால் மத்தேயு, 2 வந்தால் மாற்கு, மீதி இல்லாவிட்டால் லூக்கா. 2026க்கு மீதி 1, ஆகவே மத்தேயு. திருவருகைக்காலம் தொடங்கியதும் அடுத்த வருடத்தின் எண்ணைப் போட்டுக் கணக்குப் பாருங்கள். யோவானுக்குத் தனி ஆண்டு இல்லை. தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும்தான் அவர் அதிகம் வருவார்.

இனி வாசிப்பு. சனிக்கிழமை பின்னேரம், மறுநாள் நற்செய்தியை மட்டும் எடுத்து மூன்று முறை வாசியுங்கள். முதல் முறை கதைக்காக. இரண்டாம் முறை சத்தமாக. மூன்றாம் முறை, கால் தடுக்கும் சொல்லின் கீழ் பென்சிலால் கோடு போடுங்கள்.

ஓர் உதாரணம். மத்தேயு ஆண்டின் தவக்கால மூன்றாம் ஞாயிறில் யோவான் 4ஆம் அதிகாரம் வரும்: சமாரியப் பெண், யாக்கோபின் கிணறு, நடுப்பகல். வரும் நேரமோ எங்கள் ஊரில் வெயில் ஏறத் தொடங்கும் பருவம். மொள்ளுவதற்கு உம்மிடம் ஒன்றும் இல்லையே, கிணறும் ஆழமாயிற்றே என்கிறாள் அவள். துலா மிதித்த, கப்பியில் வாளி விட்ட யாழ்ப்பாணத்தாருக்கு இதற்கு விளக்கவுரை வேண்டுமா? ஆனால் என் பென்சில் அங்கே நிற்கவில்லை. யூதர் சமாரியரோடு பழகுவதில்லை என்ற வரியில் நின்றது. எங்கள் ஊர்க் கிணறுகளிலும் யார் அள்ளலாம், யார் தள்ளி நின்று கையேந்த வேண்டும் என்றிருந்தது. அந்த வரலாற்றோடு வாசித்தால், இயேசு அவளிடம் தண்ணீர் கேட்டது சின்ன விஷயமாகத் தெரியாது. கடைசியில் அவள் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் போகிறாள். அந்தக் குடத்தை வைத்தே ஒரு வாரம் யோசிக்கலாம்.

இப்படிக் கிடைத்ததை ஒரே வரியில் எழுதுங்கள். பக்கம் பக்கமாக எழுதினால் அது பிரசங்கமாகிவிடும். அதற்குக் கோயிலில் ஆள் இருக்கிறார்.

காலமும் ஊரும் ஒத்துவரும் இடங்களைத் தேடிப் பாருங்கள். அதே மத்தேயு ஆண்டில் திருவருகைக்கால முதல் ஞாயிறுக்கு நோவா காலத்து வெள்ளம் வரும், சரியாக எங்கள் மாரிமழைக்குள். பாஸ்காவோ, மார்ச் 21க்கோ அதன் பிறகோ வரும் பறுவத்துக்கு, அதாவது முழுநிலவுக்கு, அடுத்த ஞாயிறு. ஆகவே பாஸ்காவுக்கு முந்திய பெரிய வியாழன் இரவு முற்றத்தில் நின்று நிலவைப் பார்த்துவிட்டு, பிடிபடுவதற்கு முன் இயேசு செபித்த கெத்சமனித் தோட்டப் பகுதியை வாசியுங்கள்.

பாஸ்காவோடு நிறுத்துவதுதான் பலர் விடும் பிழை. தவக்காலம் 40 நாள் என்கிறோம். பாஸ்கா காலம் 50 நாள், தூய ஆவி இறங்கிய பெந்தகோஸ்துத் திருநாள் வரைக்கும்.

அதன் பிறகு பச்சை. மாதக்கணக்கில் பச்சை. அலுக்கும்தான். இடையில் இரண்டு மூன்று வாரம் தவறிப்போனால், விட்டதைப் பிடிக்க ஓடாதீர்கள். அதே வாசகங்கள் 3 வருடத்தில் திரும்பி வரும். கொப்பியில் திகதியை மட்டும் எழுதி, பக்கத்தை வெறுமையாக விட்டு வையுங்கள்.