கொழுந்துச் சாக்கு ஏன் சுடுகிறது?

"தாவரம் ஒளித்தொகுப்புச் செய்யும், விலங்கு சுவாசிக்கும்." சாதாரண தர விஞ்ஞான விடைகளைத் திருத்தும்போது இந்த வரி என் கண்ணில் படாத வருடமே இல்லை. தனித்தனியே பார்த்தால் இரண்டும் சரி. ஏதோ வேலையைப் பங்கு போட்டுக்கொண்டது போல எழுதுவதுதான் பிழை. தாவரமும் சுவாசிக்கும், அதுவும் இரவில் மட்டுமல்ல, பகலிலும்.

நம்பிக்கை வராவிட்டால் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்குப் போங்கள். இறுக்கி அடைத்த சாக்கு கொஞ்ச நேரம் கிடந்ததும் நடுவில் கையை விட்டால் கதகதப்பாக இருக்கும். பறித்த கொழுந்து உடனே செத்துவிடுவதில்லை. அதன் கலங்கள் குளுக்கோசை உடைத்துக்கொண்டே இருக்கின்றன, சுவாசம் என்பது இதுதான். வெளிவரும் சக்தியில் ஒரு பங்கு, கலம் தன் வேலைகளுக்குச் செலவிடும் ஏடிபி என்ற சேர்வையில் சேர்கிறது, மிச்சம் வெப்பமாகிறது. காற்றோட்டம் இல்லாத சாக்கில் அந்த வெப்பம் போக இடமில்லை, கொழுந்து சிவந்துவிடும். மிதித்து அடைக்காதீர்கள் என்று கணக்கப்பிள்ளை சத்தம் போடுவது அதற்குத்தான்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? குளுக்கோசு வரும் வழியில். தேயிலை இலை அதைத் தன் கலத்துக்குள் இருக்கும் பச்சை நிறமான பச்சையவுருமணியில் வெயிலைக் கொண்டு தானே தயாரிக்கிறது. மலை ஏறுகிறவரின் கால் தசைக்கோ காலையில் தின்ற ரொட்டியிலிருந்து இரத்தம் வழியாக வந்து சேர வேண்டும். அப்புறம் இரண்டுக்கும் ஒரே பாதை: முதலில் கலத்தை நிரப்பியிருக்கும் குழியவுருவில் உடைகிறது, பிறகு அதற்குள் இருக்கும் இழைமணி என்ற சிறு உறுப்பில். ஆகவே தாவரக் கலத்தை வரையும்போது இழைமணியை விட்டுவிடாதீர்கள்.

ஒளித்தொகுப்பில் வெளிவரும் ஒட்சிசன் காபனீரொட்சைட்டிலிருந்து வருகிறது என்பதும் பழைய பிழை. அது நீரிலிருந்து வருகிறது. 1941இல் ரூபன், கேமன் என்ற விஞ்ஞானிகள் பாரமான ஒட்சிசனை (ஒட்சிசன்-18 என்ற சமதானியை) அடையாளமாகக் கொண்டு இதைக் காட்டினார்கள்.

எல்லாத் தாவரக் கலத்திலும் பச்சையவுருமணி இருக்கும் என்றும் எழுதுகிறார்கள். மண்ணுக்குள் கிடக்கும் வேருக்கு அது எதற்கு? கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடிகளைக் குட்டையாக வெட்டிவிட்ட மலையைப் பாருங்கள்: இலையே இல்லாத வெறும் குச்சிகள். ஆனாலும் சில வாரங்களில் துளிர் வருகிறது. வேரில் சேமித்த மாப்பொருள்தான் அதற்குச் சாப்பாடு. கவ்வாத்துக்கு முன் வேரை வெட்டி அயடீன் விட்டுப் பார்க்கும் வழக்கம் உண்டு. நன்றாகக் கருநீலமானால் மாப்பொருள் போதிய அளவு இருக்கிறது, வெட்டலாம். நிறம் மாறாவிட்டால் செடியை இன்னும் கொஞ்சம் ஓய்வாக விடுவார்கள்.

நம் ஈரலிலும் தசையிலும் இந்தச் சேமிப்பு கிளைக்கோசனாக இருக்கிறது. அங்கே மாப்பொருள் என்று எழுதினால் புள்ளி கிடைக்காது.