எண் சார்ட்டைச் சுவரிலிருந்து கழற்றுங்கள்

ஜூன் பிறந்ததும் சேலத்து நோட்டுக் கடைகளில் 1 முதல் 100 வரை அச்சடித்த சார்ட் சுருள் சுருளாக நிற்கும். பால்வாடிக்குப் புதிதாக வந்த உதவியாளரும் எல்.கே.ஜி. சேர்த்த கையோடு அம்மாவும் அதை வாங்கி ஒட்டி, குச்சியால் தட்டித் தட்டிச் சொல்லவைப்பார்கள். இன்று அனுபவசாலிகளாக இருப்பவர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் தட்டினார்கள். அதட்டக் கூடாது, அவசரப்படக் கூடாது என்பதெல்லாம் தெரிந்த விஷயம். பிள்ளைக்கு எண்ணைக் கற்றுக்கொடுப்பதில் தெரியாமல் நடக்கும் தவறுகள் வேறு, அவை இதோ.

வரிசையை விட்டு இறங்காதது

நாலு வயதுப் பிள்ளை சார்ட் முன்னால் நின்று "ஒன்னு, ரெண்டு, மூணு" என்று பத்து வரை பிசகாமல் சொல்கிறது. வீட்டில் எல்லோருக்கும் பெருமை. இப்போது 7-ஐ மட்டும் தனித் தாளில் எழுதித் தரையில் வைத்து "இது என்ன கண்ணு?" என்று கேளுங்கள். பிள்ளை தாளைப் பார்க்கும், சுவரைப் பார்க்கும், பிறகு ஒன்றிலிருந்து முணுமுணுக்கத் தொடங்கும். அதே உருவம் வரும் கட்டத்தில் நின்று "ஏழு!" என்று கத்தும். கைதட்ட வேண்டாம். அதற்குத் தெரிந்தது ஏழாவது இடம். ஏழு என்ற உருவம் இன்னும் தெரியாது.

பத்துக்குள் இருக்கும்வரை இந்தக் குட்டு வெளிப்படாது. எண்கள் இருபதைத் தாண்டும்போது ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து ஓட நேரம் போதாது. பிள்ளை பக்கத்து சிலேட்டைப் பார்க்கும், "கணக்கு வரலை" என்ற பெயரும் ஒட்டிக்கொள்ளும். பழகிய ஓட்டத்தை நிறுத்துவது புதிதாகக் கற்றுக்கொடுப்பதைவிடக் கடினம். இத்தனைக்கும் காரணம் ஒரு சார்ட். இதை எத்தனை முறை சொன்னாலும் அடுத்த ஜூனில் அதே குச்சி, அதே தட்டு.

சார்ட்டுக்குள் இன்னும் இரண்டு கள்ள வழிகள் உண்டு. 5 பக்கத்தில் ஐந்து மாம்பழப் படம் இருந்தால், பிள்ளை மாம்பழத்தைப் பார்த்துத்தான் "அஞ்சு" என்கிறது. படத்தை மறைத்தால் வாய் மூடிவிடும். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நிறம் என்றால் நிறத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சரியான வழிக்குச் செலவே இல்லை. தபால் அட்டை அளவில் பத்து வெள்ளை அட்டைகள், ஒரே கறுப்பு மார்க்கர், உள்ளங்கை உயரத்துக்கு எண், படம் வேண்டாம். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களும் போதும், ஆனால் சிவப்பில் அச்சான ஞாயிற்றுக்கிழமைத் தாள்களை ஒதுக்கிவிடுங்கள். ஒரு நேரத்தில் மூன்று அட்டைகள் மட்டும். முதலில் 1, 2, 4. அவை பதிந்த பிறகு 3, 7. அப்புறம் 5, 8. கண்ணாடியில் பார்த்ததுபோல் குழப்பும் 2-க்கும் 5-க்கும் இடையே சில நாட்கள் இருக்கட்டும்.

முதல் படியில் நீங்களே சொல்லுங்கள்: "இது நாலு." இரண்டாம் படியில் கேளுங்கள்: "நாலு எங்கே?" பிள்ளை கையை வைத்தால் போதும், பேச வேண்டாம். அட்டைகளை இடம் மாற்றி மாற்றி ஐந்தாறு முறை கேளுங்கள். தொடர்ந்து சரியாகத் தொட்ட பிறகுதான் மூன்றாம் படி: "இது என்ன?" பெரும்பாலோர் இரண்டாம் படியைத் தாண்டிக் குதித்து நேரே மூன்றுக்குப் போவார்கள், பிள்ளை திணறுவது அங்கேதான். தப்பாகச் சொன்னால் "இல்லை" என்று சொல்லாமல் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் தாண்ட வேண்டாம். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரி பரப்பிய முறை இது. அதன் வேர் அவருக்கும் முந்தைய பிரெஞ்சு மருத்துவர் செகேனிடம் இருக்கிறது.

6-ஐயும் 9-ஐயும் ஒரே வாரத்தில் காட்டுவது

அட்டை தலைகீழானால் கதை முடிந்தது. அடியில் ஒரு கோடு போடுங்கள், 9-ஐக் கடைசியில் வையுங்கள்.

"எத்தனை?" என்று மட்டும் கேட்பது

தட்டில் ஐந்து எலுமிச்சம்பழம். "எத்தனை?" என்றால் பிள்ளை ஒவ்வொன்றாகத் தொட்டு "அஞ்சு" என்று முடிக்கும். கடைசியாகச் சொல்லும் சொல்தான் பதில் என்று பழகியிருக்கும், அவ்வளவுதான். கேள்வியைத் திருப்புங்கள்: குவியலைக் காட்டி "எனக்கு நாலு எடுத்துக் குடு." எண்ணி முடித்த அதே பிள்ளை கை நிறைய அள்ளித் தரும். 1, 2, 3 கேட்டால் சரியாகத் தந்து 4-ல் தடுமாறினால் அதன் நிலை மூன்று. அதற்கு மேற்பட்ட அட்டைகளுக்கு அவசரம் இல்லை.

செட் கடை இதற்கு நல்ல இடம். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட்டும் வெங்காயமும் வைத்தால் ஒரு செட். "மூணு செட்டுக்கு எத்தனை தட்டுவடை?" என்பது பெரிய பிள்ளைக்கான கேள்வி. சின்னதிடம் "மூணு தட்டுவடை எடு" என்பதோடு நிறுத்துங்கள்.

பென்சிலை முன்கூட்டியே கொடுப்பது

உருவம் தெரிந்த பிறகு எழுத்து. அதுவரை ஈர மணலில் விரல்.

தமிழையும் இங்கிலீஷையும் கலந்து ஊட்டுவது

"பதினாலு" என்னும்போது பத்து முன்னால், நாலு பின்னால். 14 எழுதுவதும் அதே வரிசைதான். "ஃபோர்ட்டீன்" நாலை முன்னால் சொல்கிறது. அதனால்தான் இங்கிலீஷ் மீடியம் பிள்ளை கேட்ட வரிசையில் 41 என்று எழுதிவிடுகிறது. "தர்ட்டீன்", "தர்ட்டி" காதில் ஒன்றுபோல் விழுவது தனித் தொல்லை. வீட்டுப் பேச்சில் எண் பதிந்த பிறகு இங்கிலீஷ் பெயரை ஒட்டவையுங்கள்.

தமிழிலும் பள்ளங்கள் உண்டு. இருபத்தொன்பதுக்குப் பிறகு "இருபத்திப் பத்து" வரும். தவறானாலும் அதில் கணக்கு இருக்கிறது. தொண்ணூறில் நூறு ஒலிப்பதால் 90 பார்த்து நூறு என்பார்கள். "நூத்தி அஞ்சு" என்றால் 1005 எழுதுவார்கள், கேட்டதைக் கேட்டபடி. 100 அட்டையின் கடைசிப் பூஜ்யத்தின்மேல் 5 அட்டையை வைத்துக் காட்டினால் புரியும்.

திருப்பி எழுதிய 3-க்குத் திட்டுவது

ஏழு வயது வரை சகஜம். சரியான 3-ஐப் பக்கத்தில் எழுதிவிட்டு நகருங்கள்.

பொடிப் பொருளை எண்ணக் கொடுப்பது

மூன்று வயதுக்குள் புளியங்கொட்டை, ஜவ்வரிசி, காப்பிக்கொட்டை எதுவும் வேண்டாம். தொண்டையில் அடைக்கும், மூக்கில் ஏறும். சிரட்டை, கரண்டி, எலுமிச்சை போதும்.

கண்ணில் படும் எண்ணெல்லாம் ஒன்று என்று நினைப்பது

சேலத்தின் ஐந்து ரோடு சந்திப்பில் நின்றால் சாலைகளைக் கைநீட்டி எண்ணலாம். பெயரில் இருப்பது எண்ணிக்கை. இரண்டாவது அக்கிரஹாரம் என்ற தெருவில் இரண்டு அக்கிரஹாரம் இருக்காது, அது வரிசை. டவுன் பஸ் எண்ணோ வெறும் பெயர், அதில் எண்ண ஒன்றுமில்லை. சின்னப் பிள்ளைக்கு இந்த விளக்கம் தேவையில்லை, காட்டுகிறவருக்குத் தெரிந்தால் போதும். பஸ் எண்ணை இலக்கம் இலக்கமாகப் படிக்கச் சொல்லுங்கள், "அது எத்தனை?" என்று கேட்காதீர்கள்.

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எண் பலகை உண்டு. ஏறும்போது 1, 2 என்று பாட்டாக வந்துவிடும். உண்மையான சோதனை இறங்கும்போதுதான்: 20, 19, 18 என்று பலகைகள் பின்னோக்கி வரும், பாட்டு உதவாது, உருவத்தைப் பார்த்தே தீர வேண்டும். எலுமிச்சையை மோந்துகொண்டு ஜன்னலோரம் சாய்ந்திருக்கும் பிள்ளையிடம் மட்டும் கேட்காதீர்கள்.