மேடையில் சிறுகதை வாசிப்பு: எங்கெல்லாம் சறுக்குகிறோம்?

புத்தகம் படிக்கிறவர் குழம்பினால் ஒரு பக்கம் பின்னால் போய்ப் பார்த்துக்கொள்வார். அரங்கில் உட்கார்ந்து கேட்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. நடிகர்களை வைத்துச் சிறுகதை வாசிக்கும் நிகழ்ச்சிகளில் நான் பார்த்த சறுக்கல்களில் முக்கால்வாசி, இதை மறந்ததால் வந்தவைதான்.

கதைத் தேர்விலேயே பிசகு தொடங்கிவிடுகிறது. ராமு, ராஜு, ராஜன் என்று ஒரே சாயலில் பெயர்கள், முன்னும் பின்னும் தாவும் காலம் எல்லாம் கண்ணுக்குச் சிக்கலில்லை, காதுக்குப் பெரும்பாடு. மேற்கோள் குறி காதில் விழாது. இரண்டு ஆண்கள் பேசிக்கொள்ளும் இடத்தில் வெறும் ‘என்றான்’ மட்டும் வந்தால், எவன் சொன்னான் என்பது கேட்பவருக்குத் தெரியாது.

அடுத்தது நீளம். மனசுக்குள் படிக்கும் வேகத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். ஒரு கதைக்கு இருபது நிமிடம் தாராளம். சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1853-இல் முதன்முதலாகப் பொதுமேடையில் தன் கதையை வாசித்தபோது ஏறத்தாழ மூன்று மணி நேரம் பிடித்தது. பிறகு மேடைக்கென்றே தனிப் பிரதி வைத்துக்கொண்டு, தன் வரிகளைத் தானே ஈவிரக்கமில்லாமல் வெட்டினார்; குரல் எங்கே மாற வேண்டும் என்று ஓரத்தில் குறித்தும் வைத்தார். ஆனால் அவர் வெட்டியது சொந்தக் கதையை. அடுத்தவர் கதையில் ஒரு வரியை எடுப்பதானாலும் அனுமதி கேளுங்கள். புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கியதால் மேடையில் வாசிக்கும் உரிமை வந்துவிடாது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது மிகைநடிப்பு. “கதவைத் திற” என்று நடுங்கும் குரலில் சொன்னாள் என்று ஒரு வரி இருக்கிறது. நடிகர் முதல் இரண்டு சொல்லிலேயே பல் கிட்டிக்க நடுங்கிவிட்டால், எழுத்தாளர் எழுதிய ‘நடுங்கும் குரலில்’ வெறும் சக்கையாகிவிடும். அந்த இரண்டு சொல்லைத் தணிவாகச் சொல்லி, நடுக்கத்தைக் கதைசொல்லியின் வாக்கியத்துக்கு விட்டுவிட்டால் அரங்கமே காதைத் தீட்டிக்கொள்ளும். பெண் பாத்திரத்துக்குக் கீச்சுக்குரல், கிழவருக்கு இருமல் என்று போனால், அழவேண்டிய இடத்தில் சிரிப்புதான் வரும். கதைசொல்லியும் ஒரு பாத்திரம்தான். அந்தக் குரலைப் பிடித்தபிறகே மற்றவர்களைத் தேட வேண்டும்.

மனப்பாடம் செய்யச் சொல்வதும் வேண்டாத வேலை. நியூயார்க்கின் சிம்பனி ஸ்பேஸ் அரங்கில் 1985 முதல் நடந்துவரும் ‘செலக்டட் ஷார்ட்ஸ்’ நிகழ்ச்சியில் பெயர்பெற்ற நடிகர்களே தாளைப் பார்த்துத்தான் வாசிக்கிறார்கள். தாள் கையில் இருப்பது குறையில்லை. ஒத்திகை இல்லாமல் வருவதுதான் குறை. எழுத்தைப் பெரிதாக, ஒரு பக்கம் மட்டும் அச்சிடுங்கள். ஒரு வாக்கியம் இரண்டு தாள்களில் உடையக் கூடாது. தாள்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடிக்காதீர்கள், புரட்டும் சத்தம் மைக்கில் கேட்கும். வாசிப்பவர் தாளின்மேல் வெளிச்சம் விழுகிறதா என்று முன்கூட்டியே நின்று பாருங்கள்.

தொகுப்பாளருக்கும் ஒரு வார்த்தை. கதையின் முடிச்சை அறிமுகத்திலேயே அவிழ்க்காதீர்கள். கடைசி வரி முடிந்ததும் “நன்றி, நன்றி” என்று மேடையேறிவிடாதீர்கள். நடிகர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் நாலைந்து வினாடி அப்படியே நிற்கட்டும். கைதட்டல் தானாக வரும். அது அடங்கியபிறகு நீங்கள் மைக்கைத் தொடலாம்.