கோ-3 புல் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் கறவை மாடு வளர்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் நடுவது கோ-3 புல்லைத்தான். கம்பையும் நேப்பியர் புல்லையும் கலந்து கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்ட இந்தப் புல், எங்கள் செம்பாட்டு மண்ணில் எருவும் இறைப்பும் கிடைத்தால் ஒருமுறை நட்ட வேரிலிருந்தே பல ஆண்டுகள் தழைக்கும். களை பிடுங்காததையும் தண்ணீர் விட மறந்ததையும் அயலவரே சொல்லித் திருத்திவிடுவார்கள் என்பதால், தோட்டம் பச்சையாக நிற்கும்போதே நடந்துவிடுகிற தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

காலம் கடந்து வெட்டுதல்

புதிதாகத் தொடங்குகிற ஏறக்குறைய எல்லோரும் செய்கிற, எத்தனை முறை கண்டாலும் எனக்குப் பொறுக்க முடியாத தவறு இது. நீர்வேலிப் பக்கத்தில் ஒரு தம்பி இரண்டு பரப்புக் காணியில் புல் நட்டிருந்தார். மாரி மழையில் அது ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்ததைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் முற்றட்டும், நிறை கூடும்" என்று மூன்று மாதம் வெட்டாமல் விட்டார். வெட்டியபோது கட்டுகள் பெரிதாகத்தான் இருந்தன. ஆனால் மறுநாட் காலையில் கொட்டிலுக்குள் போய்ப் பார்த்தால், இலை முழுவதையும் தின்றுவிட்ட மாடு, விரல் மொத்தத் தண்டுகளை ஓரிடத்தில் கடித்து நசுக்கிவிட்டுத் தொட்டியிலேயே போட்டிருந்தது. அந்தத் தண்டுகள் எருக்கும்பிக்குப் போயின. பால் குறைந்ததற்கு மாட்டில்தான் ஏதோ குறை என்று எண்ணி, அவர் கூடுதலாகப் பிண்ணாக்கு வாங்கினார்.

புல் முற்ற முற்ற அதிலுள்ள புரதம் குறைந்து, செரிக்காத மரத்தன்மை கூடிக்கொண்டே போகிறது. கண் காணும் நிறையில் பெரும்பகுதி மாட்டின் வயிற்றுக்குப் பயன்படாத தண்டுதான். சேதம் அந்த ஒரு வெட்டோடு முடிவதுமில்லை. நெடுநாள் நிழலில் கிடக்கிற அடித்தூரில் புதிய கிளைப்புகள் குறையும். முற்றிய தண்டை உயரத்தில் வெட்டினால் மேற்கணுக்களிலிருந்து மெலிந்த பக்கத்தளிர்களே வரும்.

நட்டு 75 முதல் 80 நாட்களில் முதல் வெட்டு. அதன் பிறகு 45 நாட்களுக்கு ஒருமுறை, நிலத்திலிருந்து நாலு முதல் ஆறு அங்குலம் விட்டு, கூரான கத்தியால் வெட்ட வேண்டும். இதைத் தவறவிடாமல் இருக்க நல்ல வழி, காணியை ஒன்பது துண்டுகளாகப் பிரித்து ஒரு துண்டை ஐந்து நாட்களுக்கு வெட்டுவது. ஒன்பதாவது துண்டு முடியும்போது முதலாவது துண்டு மீண்டும் வெட்டுக்கு வந்திருக்கும். மாரியில் மாட்டின் தேவைக்கு மேல் வளர்ந்தாலும் நாள் வந்த துண்டை வெட்டியே ஆக வேண்டும். மிஞ்சுவதை அயலில் மாடு வைத்திருப்பவருக்குக் கொடுங்கள், அல்லது வெட்டிய துண்டிலேயே மூடாக்காகப் பரப்புங்கள். கோடையில் இறைப்புக் குறைந்தால் வளர்ச்சியும் மந்தமாகும். அப்போது நாட்களை எண்ணாமல் தண்டைப் பார்த்து, அது மொத்தமாகி இறுகுவதற்கு முன் வெட்டுங்கள்.

யூரியா போட்ட கையோடு வெட்டுதல்

இது மாட்டின் உயிரையே எடுக்கக்கூடியது. யூரியா அளவுக்கு மிஞ்சிப் போட்ட புல்லிலும், கோடையில் வாடிக் கிடந்து முதல் மழைக்குத் திடீரெனத் தளிர்த்த புல்லிலும் நைத்திரேற்று (நைட்ரேட்) என்ற உப்புச் சேர்ந்திருக்கும். அதைப் பசித்த மாடு வயிறு நிறையத் தின்றால் மூச்சு வாங்கும், உடல் நடுங்கும், இரத்தம் கபில நிறமாக மாறும். வெயிலில் வாட்டினால் நைத்திரேற்றுப் போய்விடும் என்று சிலர் நம்புகிறார்கள், அது போகாது. யூரியாவை ஒவ்வொரு வெட்டு முடிந்த உடனேயே, சிறிய அளவில், ஈரமண்ணில் போட்டால் அடுத்த வெட்டுக்கு முன் பயிர் அதைப் பயன்படுத்திவிடும்.

எங்கள் மண்ணுக்குக் கீழே இருப்பது வெடிப்பும் துளையும் நிறைந்த சுண்ணாம்புக்கல். பயிர் எடுக்காத நைத்திரேற்று இறைப்பு நீரோடும் மழையோடும் கிணற்றுக்குத்தான் இறங்குகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைத் தாண்டிய கிணறுகள் குடாநாட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. ஆகவே தொழுவெருவை முதன்மையாக வைத்து, யூரியாவைத் துணைக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

புல்லை மட்டுமே நம்புதல்

சீமைக்கிளுவைக் குழை வேலியிலேயே இருக்கிறது. அதன் புரதத்தைப் புல்லோடு சேர்த்துக் கொடுங்கள். முதலில் மணம் பிடிக்காமல் மாடு விலகினால், சிறிது வாடவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம்.

வெள்ளம் நிற்கும் பள்ளத்தில் நடுதல்

வேர் அழுகும். மேட்டில் நடுங்கள்.

விதை தேடுதல்

இது முளைக்கும் விதை தராத கலப்பினம். இரண்டு மூன்று கணுவுள்ள தண்டுத் துண்டையோ, வேரோடு பிரித்த தூரையோ வாங்கி நடுங்கள்.